பழுதும் பொறுப்பும்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டது. நெடிய வணக்கங்களையும் அரிய போதனைகளையும் பற்றிய விடையையே வினவியவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அன்னையவர்கள் தந்த விடையோ மிக எளியது. நாயகம் அவர்கள் தம் செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள், தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், ஏனைய ஆடவர் தத்தம் வீட்டில் செய்யும் வேலைகளைச் செய்வார்கள் என்பதே அவ்விடையின் கருத்து. மதரஸாவில் இந்த ஹதீஸை மாணவர்களுக்கு நான் பல்லாண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகிறேன்.

அதன்படி நடக்கவேண்டும் என்ற விழைவினால் என் மோட்டார் சைக்கிளை நானே வீட்டில் பழுது பார்க்கத் தொடங்கினேன். அதில் நேர்ந்த ஒரு பிழை, ஓதிக்கொடுத்த எனக்கே அந்தப் பாடத்தை மீண்டும் ஓதிக்கொடுத்தது. தன் பொருளைத் தன் கையால் செப்பனிடும் உரிமை ஒருவனுக்கு எதுவரை உண்டு? அவ்வுரிமையோடு ஒட்டிவரும் பொறுப்பு எத்தகையது? இவ்விரு வினாக்களையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

முதலில் உரிமையைப் பார்ப்போம். காஞ்சிபுரத்தில் வாழ்பவனுக்குக் கைத்தொழிலின் மாண்பை எடுத்துரைக்க வேறொருவர் வேண்டியதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தாலே போதும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அதை முடிந்துவிட்டே மேலே நெய்கிறார். விழுது தளர்ந்தாலும், மிதி ஒழுங்காக இறங்காவிட்டாலும் குழியை விட்டு எழுந்து வந்து தாமே சரிசெய்கிறார். தறியை அறியாதவர் அதில் நெடுநாள் நெய்ய இயலாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் அறிவின் வகைகளைப் பகுத்துக் கூறுமிடத்து, உழவு, நெசவு, தையல் முதலிய தொழில்களையும் ஃபர்ளு கிஃபாயா என்னும் சமுதாயக் கடமைகளுள் சேர்த்திருக்கிறார்கள். ஓர் ஊரில் இவற்றை அறிந்தவர் எவருமே இல்லையாயின் அவ்வூரார் அனைவரும் குற்றவாளிகள் ஆவர் என்பது இதன் பொருள். கைத்தொழில் அறிவை மார்க்க அறிவுக்குப் புறம்பானதாக நம் முன்னோர் கருதவில்லை.

மோட்டார் சைக்கிளும் நம் வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த என்ஃபீல்டு புல்லட், 1955ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரின் கூட்டு முயற்சியால் தமிழகத்துக்கு வந்து, திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் எழுந்த அதன் ஆலைகள் இன்று காஞ்சிபுரம் மாவட்ட எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. பழைய புல்லட் வைத்திருந்தவர்கள் பிளாட்டினம் முனைகளைத் தேய்த்து இடைவெளி வைப்பதையும், டேப்பட்டைச் சரிசெய்வதையும் திண்ணையிலேயே முடித்துவிடுவார்கள். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகளுக்குப் பின் வந்த பெரும்பாலான வண்டிகளில், எரிபொருளை அளந்து செலுத்தும் வேலையை மின்னணுக் கருவியே செய்கிறது. அங்கே ஸ்பேனருக்கு வேலை குறைவு. தன் உடைமையைத் தான் விரும்பிய இடத்தில் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமை வாங்கியவனுக்கு வேண்டும் என்ற குரல் உலகெங்கும் எழுந்ததும் இத்தகைய காரணங்களாலேயே. நம் நாட்டு அரசும் 2022 டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளத்தைத் திறந்து, வாகனங்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது.

இவ்வளவுக்குப் பின்னும் வீட்டில் செய்யத்தக்க வேலைகள் பல உண்டு. சக்கரங்களில் காற்றழுத்தம் பார்ப்பது, செயினைத் துடைத்து எண்ணெயிடுவது, அதன் தொய்வு கைப்புத்தகம் கூறும் அளவில் இருக்கிறதா என்று விரலால் தூக்கிப் பார்ப்பது, பிளக்கைக் கழற்றிக் கரி நீக்குவது, என்ஜின் ஆயிலை மாற்றுவது ஆகியவை எவரும் கற்கக்கூடியவை. இவற்றைச் செய்பவனுக்குப் பணம் மிஞ்சுவதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. தன்னைச் சுமந்து செல்லும் பொருளின் இயல்பை அவன் அறிகிறான். ஓசை மாறினால் அவன் செவி அதை உணர்கிறது. இறைவன் வசப்படுத்தித் தந்த ஒரு பொருளுக்கு அதன் உரிமையைக் கொடுப்பதும் நன்றியின் ஒரு வகையே ஆகும்.

இனிப் பொறுப்பைப் பார்ப்போம்.

ஒருநாள் பின் சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பிரேக் ஷூவை மாற்றினேன். பின் பிரேக்கின் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுவிடாதபடி அதனை வண்டியின் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புப் பட்டை ஒன்று உண்டு. அதன் நட்டு அதிர்வினால் கழன்றுவிடாதிருக்க, அதன் குறுக்கே காட்டர் பின் என்னும் ஒரு சிறு ஊசியைச் செருகி, அதன் இரு கால்களையும் விரித்து மடக்கிவிட வேண்டும். நட்டை முறுக்கினேன், ஊசியைச் செருக மறந்தேன். அப்போது அஸர் பாங்கு ஒலித்தது. கையைக் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குச் சென்றுவிட்டேன். வண்டி நன்றாகவே ஓடியது. என் கைத்திறனை எண்ணி உள்ளூர மகிழ்ந்ததையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

சில நாட்களுக்குப் பின் அண்டை வீட்டு நெசவாளர் ஜரிகை வாங்கிவர வண்டியை இரவல் கேட்டார். மகிழ்வோடு கொடுத்தேன். வழியில் மாடொன்று குறுக்கே வர, அவர் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். நட்டு முன்னரே எங்கோ கழன்று விழுந்திருந்தது. தட்டு சுழன்று சக்கரத்தை இறுகப் பற்றிக்கொண்டது. வண்டி சறுக்கியது, அவர் வலக்கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டு.

நெசவாளருக்கு மணிக்கட்டு முறிவது என்றால் என்ன என்பதை நம் ஊரார் அறிவர். அவர் நெய்வது கோர்வைச் சேலை. உடலும் கரையும் தனித்தனி ஊடைகளால் நெய்யப்பட்டு ஒன்றோடொன்று கோக்கப்படும் அவ்வேலையில் மூன்று நாடாக்கள் ஓடும். ஆகவே நெய்பவருக்கு அருகில் உதவிக்கு ஓர் ஆளும் வேண்டும். ஒரு கை முறிந்ததால் இரண்டு குடும்பங்களின் கூலி நின்றது. பாதி நெய்த சேலை தறியிலேயே கிடந்தது.

நான் பார்க்கச் சென்றபோது அவர், “விதி பாய், யாரை நொந்துகொள்வது? உங்கள் வண்டிக்கும் அடிபட்டுவிட்டதே” என்று வருந்தினார். நான் தலையசைத்தேன். ஏனெனில், வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தபோதே அந்தப் பட்டை தொங்குவதை நான் கண்டுவிட்டேன். வீட்டில் தகர டப்பாவின் மூடியில் அந்த ஊசி கிடந்ததையும் கண்டேன். பத்தொன்பது நாட்கள் எவரிடமும் சொல்லவில்லை.

அந்நாட்களில் என் கல்வி எனக்கு எப்படிப் பயன்பட்டது என்பதே இக்கட்டுரையில் நான் முதன்மையாகக் கூற விரும்புவது. ஃபிக்ஹு நூல்களில் நேரடியாகச் செய்பவன் வேறு, காரணமாக அமைபவன் வேறு என்றொரு பாகுபாடு உண்டு. நேரடியாகச் சேதம் விளைவித்தவன் கருதிச் செய்யாவிடினும் ஈடு கட்டவேண்டும். வெறும் காரணமாக அமைந்தவனோ வரம்பு மீறியிருந்தாலன்றி ஈடு கட்டவேண்டியதில்லை. உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்ட நூலும் இதை அடிப்படை விதிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. பிரேக்கை அழுத்தியவர் அவர். நானோ வெறும் காரணம் மட்டுமே. மறதி வரம்பு மீறலாகாது. ஆகவே என்மீது ளமான் இல்லை. இவ்வாறு எனக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டேன். கல்லாதவன் தன் குற்றத்தை மறைக்கப் பொய் சொல்லவேண்டும். கற்றவனுக்கோ பொய் தேவையில்லை. நூலில் ஒரு பக்கத்தைப் படித்து மறுபக்கத்தைப் புரட்டாமல் விட்டாலே போதும்.

மறுபக்கத்தில் இருந்தது இது. தன் சொந்த நிலத்தில் கிணறு வெட்டியவன், அதில் எவரேனும் விழுந்தால் பொறுப்பாளியாகான். பொதுவழியில் உரிமையின்றி வெட்டியவனோ பொறுப்பாளி ஆவான். தானே எவரையும் தள்ளவில்லை என்பது அவனுக்கு விடுதலையாகாது. நான் வேலை செய்தது என் முற்றத்தில்தான். ஆனால் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நிற்கும் பொருளன்று. முற்றத்தில் வெட்டிய கிணற்றை நானே பொதுவழிக்கு அனுப்பிவைத்தேன். செருப்பைத் தைப்பவன் பிழை செய்தால் அவன் காலே நோகும். வண்டியைச் செப்பனிடுபவன் பிழை செய்தாலோ பின்னால் அமர்ந்திருப்பவரும் எதிரே வருபவரும் அதன் விலையைக் கொடுக்க நேரிடும். அன்னையவர்களின் ஹதீஸிலிருந்து நான் கொண்ட படிப்பினையில் விடுபட்டது இந்த வேறுபாடே.

மருத்துவம் அறிந்தவன் என்று அறியப்படாமலே மருத்துவம் செய்பவன் அதன் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூது, நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் வந்துள்ளது. தகுதியின்றித் தொழிலில் கை வைப்பதே வரம்பு மீறல் என்பதற்கு இதைவிடத் தெளிவு வேண்டுமோ? மேலும், மறதி பாவத்தைப் போக்கும். ஈட்டைப் போக்காது என்பது சட்ட அறிஞர்களின் முடிவு. வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து மறதியின் கேட்டைக் கூறியிருப்பதும் எண்ணத்தக்கது. ஊசியை மறந்தது மறதி. அந்தப் பத்தொன்பது நாள் மௌனம் மறதியன்று. முன்னதில் எனக்குக் கடன் மட்டும் இருந்தது. பின்னதில் பாவமும் சேர்ந்துகொண்டது.

விதி என்று அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டது அதனினும் கொடியது. நன்மையும் தீமையும் இறைவனின் ஏற்பாட்டின்படியே என்பது நம் ஈமான். ஆயினும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன்மீது நம்பிக்கை வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகத் திர்மிதீயில் வந்துள்ளது. துன்பம் அடைந்தவர் விதி என்று கூறுவது பொறுமை. துன்பத்துக்குக் காரணமானவன் அதே சொல்லைக் கேட்டுத் தலையசைப்பது, தான் கட்டாமல் விட்ட கயிற்றுக்கு இறைவனைப் பொறுப்பாக்குவதாகும்.

மனிதருக்குரிய ஹக்கு, அம்மனிதர் மன்னித்தாலன்றித் தீராது. பொற்காசும் வெள்ளிக்காசும் உதவாத அந்நாள் வருமுன் இங்கேயே அதைத் தீர்த்துக்கொள்ளுமாறு கூறும் ஹதீஸை ஒருநாள் வகுப்பில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, என் குரல் எனக்கே கேட்கப் பொறுக்கவில்லை. அன்று மஃரிபுக்குப் பின் அந்த ஊசியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்று அனைத்தையும் கூறினேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. ஊசியை இடக்கையில் வாங்கிப் பார்த்தார். “இழை அறுந்தது தெரிந்தும் மேலே நெய்துகொண்டே போயிருக்கிறீர்களே பாய்” என்றார். கோபம் அவர் முகத்தில் இருந்தது. அது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆறு வாரக் கூலியையும் மருத்துவச் செலவையும் தவணைகளாகத் தருவதாகக் கூறினேன். முதலில் உதவியாளின் கூலியைக் கொடுக்கச் சொன்னார். தம்முடையதைப் பிறகு வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதற்காக நான் அவருக்கு நன்றியுடையவன். பெருந்தன்மையாக மறுத்திருந்தால் என் கடன் தீர்ந்திராது.

இதன் பின்னர் வண்டியைத் தொடுவதையே நான் விட்டுவிட வேண்டுமா? அதுவும் சரியன்று என்றே கருதுகிறேன். நம் ஊரில் வைகாசி மாதம் வரதராஜப் பெருமாள் கோயில் தேர் ஓடும்போது தெருவில் கண்ட காட்சி ஒன்று எனக்கு விடையளிக்கிறது. வடத்தைப் பிடிக்க ஆயிரம் கைகள் வருகின்றன, எவரையும் தடுப்பதில்லை. ஆனால் ஓடும் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இட்டுத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் அத்தொழிலில் பழகிய சிலரே நிற்கின்றனர். இழுப்பது எல்லோருக்கும் உரியது. நிறுத்துவது அறிந்தவருக்கே உரியது. என் வண்டியிலும் இப்போது இந்த வரையறையை வைத்துள்ளேன். செயினும் பிளக்கும் ஆயிலும் என் கைக்கு உரியவை. பிரேக்கைத் தொட நேர்ந்தால், தொழில் அறிந்த ஒருவரைக் கொண்டு சரிபார்த்த பின்னரே வண்டியைத் தெருவில் இறக்குகிறேன். கழற்றும் உறுப்புகளை வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து எண்ணுகிறேன். பாங்கு ஒலித்தால் வேலை எவ்விடத்தில் நின்றது என்பதைத் தாளில் எழுதி வண்டியின் இருக்கையில் வைத்துவிட்டே எழுகிறேன். இரவல் கேட்பவரிடம் நான் எதைத் தொட்டேன் என்பதைச் சொல்லிய பின்னரே சாவியைக் கொடுக்கிறேன்.

தன் கையால் செய்வது சிறப்பே. ஆயின், தன் கையால் செய்தவன் அதைத் தன் வாயால் ஒப்புக்கொள்ளவும் ஆயத்தமாக இருக்கவேண்டும். ஊதியத்துக்குச் செய்யும் தொழிலாளியைக் கேள்வி கேட்க ஊரே இருக்கிறது. வீட்டு முற்றத்தில் தனியே செய்பவனைக் கேட்க அவன் நெஞ்சைத் தவிர வேறொருவரும் இல்லை. அந்த நெஞ்சையும் கல்வியால் வாயடைக்க முடியும் என்பதை நான் கண்டுகொண்டேன். நம் கைகளுக்குத் திறனையும், நம் கல்விக்கு நேர்மையையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.