தலையாட்டி பொம்மைக்கு நோக்கம் உண்டா?

எத்தனை முறை சாய்த்தாலும் தானே நிமிர்ந்து நிற்கும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, நவராத்திரிக் கொலுப்படியிலும் குழந்தைகளின் கையிலும் விளையாட்டுப் பொருளாக இருந்துவருகிறது. ஆயினும் தத்துவ விசாரணைக்குரிய ஒரு கேள்வியும் அதற்குள் அடங்கியிருக்கிறது. உயிரற்ற பொருள் ஒன்று ஒரே நிலையை நாடுவதுபோல் மீண்டும் மீண்டும் அங்கேயே வந்து சேருமானால், அந்த நாட்டம் பொருளில் உள்ளதா, அதைச் செய்தவரிடம் உள்ளதா, அல்லது காண்பவர் மனத்தில் மட்டுமே உள்ளதா என்பதே அக்கேள்வி.

தலையும் உடலும் தனித்தனியே கம்பிமுனையில் ஆடும் நடன பொம்மையை விடுத்து, ஒரே உடலாக அமைந்த ராஜா ராணி பொம்மையை எடுத்துக்கொண்டால், அதன் மேற்பகுதி காகிதக்கூழால் இலேசாகவும், அரைக்கோள வடிவான அடிப்பகுதி களிமண்ணால் கனமாகவும் இருப்பதைக் காணலாம். பொருளின் எடை முழுவதும் திரண்டு செயல்படுவதாகக் கொள்ளப்படும் புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். அடிக்கோளத்தின் ஆரம் 4 செ.மீ. என்றும், ஈர்ப்பு மையம் அக்கோளத்தின் நடுப்புள்ளிக்கு 1 செ.மீ. கீழே உள்ளது என்றும் கொண்டால், பொம்மை நிமிர்ந்து நிற்கையில் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் இருக்கும், 60 பாகை சாய்த்தால் 3.5 செ.மீ. உயரத்துக்கும், கிடையாகப் படுக்கவைத்தால் 4 செ.மீ. உயரத்துக்கும் ஏறும். கண்ணுக்குச் சாய்வதாகத் தெரியும் பொம்மை, எடையின் கணக்கில் மேலே ஏறுகிறது. கையை விட்டதும் எடை இறங்க முற்படுவதால் உடல் நிமிர்கிறது. இருபுறமும் ஆடும் ஆட்டம் உராய்வினால் தேய்ந்து அடங்குகிறது. பிற பொருள்களை விழவைக்கும் அதே எடைதான் இங்கே எழவும் வைக்கிறது.

இத்தகைய அசைவுகளை இந்தியத் தத்துவ மரபுகளுள் ஒன்றான வைசேடிகத்தைச் சேர்ந்தவர்கள் நுணுகி ஆராய்ந்துள்ளனர். பொருளைக் கீழே விழச்செய்யும் பண்பைக் குருத்துவம் என்றும், வளைத்த கிளையைப் பழைய நிலைக்கு மீட்கும் பண்பைத் திதித்தாபகம் என்றும் அவர்கள் பிரித்தனர். பின்னதை, ஓடும் பொருளின் வேகத்தோடும் நினைவின் பதிவான பாவனையோடும் சேர்த்து, சம்ஸ்காரம் என்ற ஒரே வகைக்குள் வைத்தனர். பொம்மை திரும்புவது கிளை திரும்புவதுபோலத் தோன்றினாலும், அதற்குக் காரணம் குருத்துவம் மட்டுமே. பழைய நிலையை அது நினைவில் வைத்திருக்கவில்லை, விரும்பவுமில்லை.

அப்படியானால் நோக்கம் செய்தவரிடம் உள்ளது என்பதே அடுத்த விடை. சைவ சித்தாந்தம் ஒரு குடம் உண்டாவதற்கு மண்ணை முதற்காரணமாகவும், சக்கரத்தைத் துணைக்காரணமாகவும், குயவரை நிமித்த காரணமாகவும் கூறும். காட்பாடிக்கு அருகே, மெருகிட்ட மண்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற கரிகிரியில், சக்கரத்தின் நடுவே அமர்த்திய களிமண் விரல்களின் அழுத்தத்துக்கு இணங்கி மேலெழுவதைக் காண்பவருக்கு இப்பகுப்பு விளங்கும்: அடி எவ்வளவு தடிக்க வேண்டும், வாய் எவ்வளவு விரிய வேண்டும் என்ற அறிவு மண்ணிலோ சக்கரத்திலோ இல்லை. பொம்மையின் கனத்த அடியும் அவ்வாறே ஒருவரின் அறிவு பொருளில் பதிந்த இடமாகும்.

இந்த விடையை அப்படியே உலகம் முழுமைக்கும் விரித்துவிட முடியாது. அடியில் கனம் சேர்க்காமல், ஒரே சீரான பொருளால் ஆன குவிவுருவம், ஒரு நிலையில் மட்டும் உறுதியாகவும் ஒரு நிலையில் மட்டும் உறுதியின்றியும் சமநிலை கொள்ள இயலும் என்று ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் அர்னோல்ட் கருதினார். 2006-இல் ஹங்கேரியின் காபோர் தொமோகோஷும் பீட்டர் வார்கோனியும் அத்தகைய உருவத்தைக் கண்டறிந்து அதற்குக் கோம்போட்ஸ் என்று பெயரிட்டனர். பிறகு அவர்கள் ஆமை ஓடுகளை அளந்தபோது, தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளிலும் வாழும் நட்சத்திர ஆமையின் ஓடு ஏறத்தாழ அவ்வடிவமே என்று தெரியவந்தது. கவிழ்ந்தும் நிமிரத் தெரிந்த உடல்கள் தப்பிப் பெருகிய நெடுங்கால இயற்கைத் தேர்வே அந்த ஓட்டை உருவாக்கியது. ஆகவே ஒரு வடிவம் பயனுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் கொண்டு, அதை வனைந்த ஒருவர் உண்டு என்று துணிவது பிழையாகும்.

இதனால் சமயத்தின் கேள்வி அற்றுப்போவதில்லை. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான போதம் இறைவனை நிறுவத் தொடங்குவது, ஏதோ ஒரு நுட்பமான உறுப்பை விளக்க முடியவில்லை என்ற இடத்திலிருந்து அன்று. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்கும் தன்மையது, அறிவற்ற அது தானே இயங்காது என்ற இடத்திலிருந்தே. அவ்வாதத்தை ஏற்பவரும் மறுப்பவரும் உளர். ஆனால் ஆமை ஓடு அதைப் பொய்யாக்குவதும் இல்லை, பொம்மை அதை மெய்ப்பிப்பதும் இல்லை. எவ்வாறு நிகழ்கிறது என்ற கேள்விக்கு அறிவியல் தரும் விடை எவ்வளவு நிறைவாக இருந்தாலும், நிகழ்ச்சிக்கு இடமளிக்கும் ஒழுங்கு ஏன் உள்ளது என்ற கேள்வி தனியே நிற்கிறது. அறிவியலால் இன்னும் விளக்கப்படாத இடுக்குகளில் இறைவனைக் குடியமர்த்தும் சமயம், ஒவ்வொரு விளக்கத்தோடும் தன் நிலத்தை இழந்துகொண்டே போகும்.

விடாமுயற்சிக்கு இப்பொம்மையை எடுத்துக்காட்டாகக் கூறும் வழக்கமும் இங்கே ஆராயத்தக்கது. வீழ்ந்தே கிடக்க இயலாத பொருள் எழுவதில் அறம் ஏதுமில்லை. கிடக்கவும் இயன்ற ஒருவர் எழுவதில்தான் அறம் தொடங்குகிறது. அவ்வாறு எழுவதும் தனி மன உறுதியால் மட்டும் நிகழ்வதன்று. 1940-களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் இயங்கச் செய்தார். உணர்விழந்த பாதங்களைப் புண்ணிலிருந்து காக்க நுண்துளை ரப்பர் செருப்புகள் உருவாக்கப்பட்டன. 1955-இல் தொடங்கிய கரிகிரித் தொழுநோய் மையம் அப்பணியைத் தொடர்ந்தது. நோயாளி வலியோடும் பொறுமையோடும் விரலைப் பழக்க வேண்டியிருந்தது; பிறர் அதற்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது. எடையும் வடிவமும் பொம்மைக்குச் செய்வதை மனிதருக்குச் செய்வன விருப்பமும் அருளும் அயலாரின் உழைப்பும் ஆகும். நோக்கம் என்ற சொல் முழுப்பொருளோடு வழங்கத் தகும் இடமும் அதுவே.