வாத்தின் வயிற்றுக்குள்...

உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா? அப்படியென்றால் பாத்ரூமில் ஒரு ரப்பர் வாத்தோ மீனோ கட்டாயம் இருக்கும். அதை எடுத்து வந்து, வாஷ்பேசினில் ஒரு அமுக்கு அமுக்குங்கள். வெறும் தண்ணீர் வந்தால் நீங்கள் பாக்கியசாலி. கறுப்பாக ஏதாவது வந்தால், மேலே படியுங்கள்.

போன கார்த்திகையில் நல்ல மழை. எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில், இந்தப் பக்கம் சேலையூர் ஏரி, அந்தப் பக்கம் செம்பாக்கம் ஏரி. மழைக்காலத்தில் துவைத்த துண்டு காய மூன்று நாளாகும். அப்படி ஒருநாள், என் நாலு வயசு மகள் பக்கெட்டுக்குள் அமுக்கிய மீன், அவள் கன்னத்தில் கறுப்பாகத் துப்பியது. கத்தியால் பிளந்து பார்த்தேன். வெளியே பளபளப்பு. உள்ளே சுவர் முழுக்கப் பூசணம்!

ஸ்விட்சர்லாந்தின் 'ஏவாக்' நீர் ஆராய்ச்சி நிலையம், ஈ.டி.ஹெச். சூரிச், அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து 2018-ல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டரில் 50 லட்சம் முதல் ஏழரைக் கோடி வரை நுண்ணுயிர்கள். வீடுகளில் புழங்கிய பொம்மைகளில் சுமார் 60 சதவிகிதத்தில் பூஞ்சை. தண்ணீர் மட்டுமல்ல காரணம். நம் உடம்பு அழுக்கும் சோப்பும் அவற்றுக்குத் தீனி. மிருதுவான பிளாஸ்டிக்கே கரிமப் பொருளைக் கசியவிட்டுச் சாப்பாடு போடுகிறதாம். எல்லாக் குழந்தைக்கும் ஆபத்து என்று அவர்கள் பயமுறுத்தவில்லை. ஆனால் கண், காது, வயிற்றில் தொற்று வரலாம்.

மீனைக் குப்பையில் போட்டேன். அப்போதுதான் அந்த வாத்து ஞாபகம் வந்தது.

ஆயுத பூஜைக்கு வீடு ஒழித்தபோது, பழைய பொம்மைகளை ஒரு பையில் போட்டு, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் அவர் பேரனுக்காகக் கொடுத்திருந்தோம். அதில் மீனோடு ஜோடியாக வாங்கிய வாத்தும் இருந்தது.

நான் காமர்ஸ் படித்தவன். தேய்மானம் போக மதிப்பு பூஜ்யமாகி, இனி எதற்கும் பயன்படாத சொத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதையே தர்மக் கணக்கில் வரவு வைத்தால் ஆடிட்டர் காதைத் திருகுவார். நாம் 'கொடுத்தோம்' என்று சொல்வதில் பாதி, நம் வீட்டில் இடம் காலி செய்ததுதான்.

கொடுத்தபோது எனக்குத் தெரியாது. அதனால் அது தப்பில்லை. சரி, தெரிந்த நிமிஷத்திலிருந்து? சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் என் கணக்கில்தானே ஏறும்? இது தெரிந்தும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. 'அழுக்குப் பொம்மையைத் தலையில் கட்டினார்கள்' என்று நினைப்பாரே! ஒரு குழந்தையின் காதைவிட என் கௌரவம் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாள் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அது அன்னிக்கே கறுப்பா துப்புச்சு சார். தூக்கிப் போட்டுட்டேன்."

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லலை? பாப்பா மீனை வெச்சு விளையாடிட்டுதானே இருந்தா!"

"ஆசையா குடுத்தீங்க. சொன்னா குறை சொன்ன மாதிரி ஆயிடும்ல?"

எனக்குச் சுருக்கென்றது. நான் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். அவர் சொல்லாததற்குக் காரணம் நாங்கள். ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லக்கூட அவர் யோசிக்கும்படி அல்லவா இத்தனை வருஷம் இருந்திருக்கிறோம்! அதன் விலையை என் மகளின் கன்னம் கொடுத்தது.

பொம்மைக்கு வைத்தியம் சுலபம். புதிதாக வாங்கியதுமே அடியில் உள்ள ஓட்டையை அடைத்துவிடலாம். பீய்ச்சி விளையாடத்தான் வேண்டுமென்றால், குளித்ததும் தண்ணீரைப் பிழிந்து வெயிலில் காயவையுங்கள். கறுப்பு வந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், முதலில் நீங்கள் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். வாங்கிக்கொள்கிறவர் 'இது சரியில்லை' என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா என்பதையும் பாருங்கள்.