துயர்க்குப்பின் நகைத்தல் பிழையாமோ?

சிவமயம்

மெய்யன்பர்களாகிய சைவாசிரியர்களே,

உடுவிலிலே ஒரு வீட்டில் தாயொருத்தி சிவபதமடைந்தாளென்று வைத்துக்கொள்வோம். 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டியும் நிறைவேறிற்று. சின்னாளில் அவ்வீட்டுச் சிறுமி பாடசாலைக்கு வருகின்றாள். இடைவேளையிலே தோழியர் கிளித்தட்டு மறிக்கின்றனர். அவளும் சேர்ந்தோடித் தன்னை மறந்து ஒருமுறை வாய்விட்டு நகைக்கின்றாள். உடனே திடுக்கிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, வேப்பமரத்தடியிலே போய்த் தனியே நிற்கின்றாள். “அம்மா போய் ஒரு மாசந்தானே, நான் சிரிக்கலாமோ?” என்பதே அவள் நெஞ்சில் எழுந்த வினா. அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர் முற்றத்தில் நிற்கும் ஆசிரியரேயாவர். அவர் யாது கூறுதல் தகும்?

இவ்வினாவிற்கு விடை திலகவதியார் சரிதத்தின்கண் உளது. நாவலரவர்கள் 1852இல் அச்சிட்டு வெளிப்படுத்திய பெரியபுராண வசனத்தை நீங்கள் பிள்ளைகளுக்குப் பலகாலும் வாசித்துக் காட்டியிருப்பீர்கள். திருவாமூரிலே புகழனார் இறந்தார். மாதினியாரும் உடன் உயிர்நீத்தார். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்தார். அடுத்தடுத்து மூன்று இடி வீழ்ந்தாற்போலத் துயருற்ற அம்மையார் தாமும் உயிர்விடத் துணிந்தார். தம்பியாராகிய மருணீக்கியார் அடிமிசை வீழ்ந்தழுது, தம்மைத் தனியே விட்டேகுவதாயின் தாமே முந்தி இறப்பதாகக் கூறினார். அத்தம்பி வாழவேண்டுமென்னும் தயவொன்றினாலே அம்மையார் உயிர் தாங்கினார்.

அவர் துயரத்தை மறந்தாரல்லர்; பொன்னணியும் பூணாது தவநெறியில் நின்றார். ஆயினும் கதவடைத்து இருளில் இருந்தாரல்லர். திருவதிகை வீரட்டானத்திலே விடியுமுன் திருவலகிட்டார், மெழுகிட்டார், மலர் கொய்து மாலை தொடுத்தார். மருணீக்கியாரோ தண்ணீர்ப்பந்தர் வைத்தும், சோலை வளர்த்தும், குளந்தொட்டும், விருந்தோம்பியும் தமது துயரை ஆற்றினார். இழந்தோர் வாழ்விற்கு மீளும் வழி இத்தகைய சிறு செயல்களினூடே செல்வதன்றோ?

“பணி செய்தல் தகும், இன்புறுதல் தகுமோ?” என்று சிலர் ஐயுறலாம். தனு, கரண, புவன, போகம் என்னும் நான்கினையும் உயிர்களின்பொருட்டு இறைவனே அருளுகின்றானென்பது நமது சித்தாந்தம். உடம்பும் உலகும் அவன் தந்தனவாயின், நாவிற்கு இனிய ஒடியற்கூழும், உடலுக்கு இதமான கிணற்றுநீர் முழுக்கும், பனையோலையிற் சலசலக்கும் காற்றும் பிறர் தந்தனவாமோ? அவற்றில் அழுந்துதல் பற்று. அவற்றை வெறுத்தெறிதல் தந்தவனை மறத்தலாம். அன்று உயிர்தாங்கிய தமக்கையாராலே காக்கப்பட்ட அத்தம்பியாரே பின்னாளில் திருநாவுக்கரசராய், நீற்றறையினுள்ளே அடைபட்டிருந்த வேளையில், இறைவன் திருவடி நிழலுக்கு ஒப்பாக வீணையொலியையும், நிலவையும், தென்றலையும், வண்டு முரலும் பொய்கையையும் நினைந்து பாடினார். சிற்றின்பங்கள் இழிந்தனவேயாயின் திருவடிக்கு உவமையாகுமோ?

நமது கிரியைகளும் இவ்வுண்மையையே உணர்த்துவன. சாவீட்டில் அடுப்பெரியாத நாளில் அயலார் சோறு சமைத்துக் கொண்டுவருகின்றனர். துடக்குக்கு ஓரெல்லை உண்டு. எல்லை கடந்தபின் மாசியமும் ஆட்டைத் திவசமும் உள. தாய்க்குச் சித்திராபௌர்ணமி, தந்தைக்கு ஆடியமாவாசை. அழுகைக்கும் நினைவிற்கும் நாள் குறித்த நம் முன்னோர், மற்றை நாள்களை வாழ்வோர்க்கு விட்டனர். ஆதலால் வாழ்விற்கு மீளுதல் மறத்தலன்று.

இதனை நம்மூரவர் தம் கண்ணாலே கண்டுமிருக்கின்றனர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒருங்கே ஊர்விட்டு நீங்கினர்; 1996இல் மீண்டவருட் பலர் உற்றாரை இழந்தே மீண்டனர். அவர்கள் செய்தது யாது? முற்றங் கூட்டினர், கிணறிறைத்தனர், அடுப்பு மூட்டினர், சுவாமி படத்திற்கு விளக்கேற்றினர். துயர் நீங்கியபின் அவற்றைச் செய்தாரல்லர். செய்யச் செய்யவே துயர் தாங்கத்தக்கதாயிற்று.

ஆசிரியர்களே, துக்கத்தோடு வரும் பிள்ளை நகைத்தால், “இதற்குள் சிரிப்போ?” என்று ஒருவரையும் கூறவிடாதீர்கள். அழுதால், “இன்னும் அழுகையோ?” என்றும் கடியாதீர்கள். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பூக்கொய்யும் பணியை அப்பிள்ளையிடம் கொடுங்கள். ஆடிப்பிறப்பன்று கூழ் வார்க்கும்போது அவள் கையிலும் ஒரு பிலாவிலையைக் கொடுத்து அருகே இருத்துங்கள். சித்திராபௌர்ணமி அவள் தாயின் நாளென்று சொல்லிவையுங்கள்.

இனி, அவ்வேப்பமரத்தடிக்குச் செல்லுங்கள். நீண்ட உபதேசம் வேண்டாம். “பிள்ளை, உன் அம்மா உனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் விட்டது நீ சந்தோஷமாய்ப் படிக்கவும் விளையாடவுந்தானே. நீ சிரித்தது பிழையில்லை. அழுகை வந்தால் என்னிடம் வா. இப்போது போ, உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்” என்று சொல்லுங்கள். அதனினும் சிறந்த சைவப்பிரசங்கம் அன்று அப்பிள்ளைக்கு வேறில்லை.

திருச்சிற்றம்பலம்.