காத்திருக்கும் விரல்

ஆயிரம் கஜ தூரத்தில் தோட்டா இலக்கைத் தொட ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். அந்த நேரத்தில் காற்று செய்வதை எந்த ட்ரிகரும் தடுக்காது. நல்ல ட்ரிகர் விரல் செய்யும் கோளாறை மட்டும், அதையும் ஓரளவுக்குத்தான் குறைக்கும். விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இதை மனதில் இருத்திக்கொள்வது நல்லது.

*

ரெமிங்டன் 700 ரைஃபிள் வந்தது 1962-இல். அமெரிக்காவில் நெடுந்தூரக் குறிசுடுதலுக்கு வருகிற பலரும் அதில்தான் கை வைக்கிறார்கள். இரண்டு பின்களைத் தட்டினால் பழைய ட்ரிகர் கழன்றுவிடும். அப்புறம் மாற்று ட்ரிகர் எந்த நிறுவனத்துடையது என்ற குழப்பம் ஆரம்பிக்கும்: டிம்னியா, ஜூவெலா, ட்ரிகர்டெக்கா?

ஜூவெலில் ட்ரிகரை இழுக்கத் தேவையான எடையை 50 கிராமுக்கும் கீழே இறக்கலாம். மேசைமேல் மணல்மூட்டையில் ரைஃபிளைக் கிடத்திச் சுடுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். புழுதியில் படுத்துப் புரள்கிறவர்கள் வேறு பக்கம் போகிறார்கள். ட்ரிகருக்குள் ஒன்றையொன்று தாங்கும் நுண்ணிய விளிம்புகளுக்கு நடுவே ஒரு துகள் போதும், அது சிக்கிக்கொள்ள. ட்ரிகர்டெக் அந்த இடத்தில் ஒரு சின்ன உருளையை வைத்தது. எஃகும் எஃகும் உரசுவதற்குப் பதிலாக உருள்கின்றன.

*

எப்போது வெடிக்கும் என்று சுடுபவருக்கே தெரியக் கூடாது என்பது பழைய பாடம். நெடுந்தூரத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றைக் காட்டும் கொடிகள் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. கணித்து வைத்த காற்று திரும்ப வரட்டும் என்று காத்திருக்கிறோம். வந்ததும் அந்த நொடியிலேயே சுட வேண்டும். இரட்டைக் கட்ட ட்ரிகர் இதற்குத் தோது. முதல் கட்டத்தில் விரல் கொஞ்சம் பின்னால் போய், தடுப்பில் முட்டி நிற்கும். அங்கேயே இருக்கலாம், மூச்சு விடலாம், வேண்டாமென்றால் விரலை எடுத்துவிடலாம். 50 கிராம் ட்ரிகரில் விரலை வைத்தபடி காத்திருக்கவே முடியாது.

*

எடை குறைந்தால் புள்ளி கூடும் என்பது பாதி உண்மை. ஒஹையோவின் கேம்ப் பெர்ரியில் சர்வீஸ் ரைஃபிள் (ராணுவ வகை ரைஃபிள்) போட்டியில் ட்ரிகர் குறைந்தது நாலரை பவுண்டு, ஏறக்குறைய 2 கிலோ, தாங்க வேண்டும் என்பது விதி. அந்த எடையோடுதான் 600 கஜத்தில் பத்துப் புள்ளிகளாக அடுக்குகிறார்கள்.

*

எடை ஒருபுறம் இருக்க, பாதுகாப்பும் முக்கியம். 2006 முதல் 2014 வரை செய்த தன் எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர்களை ரெமிங்டன் திரும்பப் பெற்றது. பொருத்தும்போது ஒட்டுப்பசை கூடிப்போனதால் தானாகவே வெடிக்கும் அபாயம் இருந்தது. பெரிய ஆலையிலேயே இப்படி என்றால், வீட்டு மேசையில் ட்ரிகர் எடையை மாற்றத் திருகாணியைத் திருப்புகிற நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

*

முதல் ட்ரிகர் வாங்குகிறவருக்கு என் தீர்ப்பு: இரட்டைக் கட்டம், எடை 700 கிராம் வாக்கில். ஒற்றைக் கட்டம்தான் பிடிக்கும் என்றால் அதே எடையில் வாங்கலாம், தவறில்லை. மாட்டியதும் ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பாருங்கள். போல்ட்டை ஓங்கி அடித்து மூடுங்கள். சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை இழுத்து விட்டு, பிறகு சேஃப்டியை எடுங்கள். ஒரு தடவை சுடும் ஊசி தானாக விழுந்தாலும் அந்த ரைஃபிளை மைதானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.