எத்தனையாவது பிரதி

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். அந்த அம்மா வாங்கவில்லை. உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். மகனுடைய படம், பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்களின் பிரதிகள். 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் அவரே கூட்டிப்போய் இராணுவத்திடம் ஒப்படைத்த மகன்.

"எல்லாம் இதுக்குள்ளை இருக்கு பிள்ளை. பார்த்து எழுதுங்கோ. என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லாதேங்கோ."

சமாதான முயற்சிகளில் பெண்களின் குரல் விடுபடுவது பற்றித்தான் என் ஆய்வு. அதில் பொய்யில்லை. நோர்வேயின் அனுசரணையோடு நடந்த பேச்சுவார்த்தையில் பெண்களுக்கென்று ஓர் உபகுழு அமைத்தார்கள். இரு தரப்பிலும் ஐந்தைந்து பெண்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள்; ஏப்ரலில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஆனால் போருக்குப் பிறகு பெண்கள் பேசாமலா இருந்தார்கள்? 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2016இல் கலந்தாலோசனைச் செயலணி, பிறகு காணாமற்போனோர் அலுவலகம். ஒவ்வொன்றின் முன்னாலும் வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்களே. குரல் இருந்தது. கேட்டவர்களிடமிருந்துதான் பதில் வரவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் போய் உட்கார்ந்தது இன்னொரு தடவை சாட்சி சொல்வதற்கல்ல, பதில் கேட்பதற்கு.

அப்படியானால் நான் எதற்குப் போனேன்? என் படிவத்தில் ஒரு வரி உண்டு: இந்த ஆய்வில் பங்கேற்பதால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை. நேர்மையான வரிதான். ஆனால் அதை எப்போதும் வேகமாக வாசித்துக் கடந்துவிடுவேன். பயன் எனக்கு உண்டு, பட்டம்.

கேட்காமலே விட்டுவிடு என்றாள் தோழி ஒருத்தி. அதுவும் எனக்கு ஒப்பவில்லை. அவருக்கு எது வலிக்கும் என்று அவருக்காக நான் தீர்மானிப்பது ஒரு வகை அதிகாரம். தவிர, யாரும் கேட்காமல் காலம் போவதும் தாய்மார் ஒவ்வொருவராகச் சாவதும் யாருக்கு வசதி?

அன்று படிவத்தை மடித்து வைத்துவிட்டுப் பையில் இருந்ததை வாசித்தேன். எல்லாத் தாளும் மகனைப் பற்றியது. தென்னாபிரிக்க உண்மை ஆணைக்குழுவிலும் இதே கதைதான்: வாக்குமூலம் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், பேசியது அநேகமாகக் கணவன்மாரையும் பிள்ளைகளையும் பற்றி. அதனால்தான் அங்கே பெண்களுக்கென்று தனி அமர்வுகள் வைக்க வேண்டி வந்தது. அந்த அம்மா இத்தனை வருடம் என்ன செய்து சாப்பிட்டார், சிஐடி வந்து விசாரித்த இரவுகளை எப்படிக் கழித்தார் என்று ஒரு தாளும் கேட்டிருக்கவில்லை. நானும் அன்று கேட்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, "அந்த வயசு பிழை. பத்தொன்பது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

என் ஆய்வேட்டில் அவரை எந்த அட்டவணையில் சேர்ப்பது? 'பதிலளிக்க மறுத்தவர்' என்று எழுத என் கை வரவில்லை. அவர் பதில் சொல்லித்தான் இருந்தார்.

புறப்படும்போது கேட்டார்: "உங்கடை புத்தகம் வந்தால் ஒரு பிரதி தருவியளோ? இந்தப் பைக்குள்ளை வைக்க."

ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. அவருக்கென்று தமிழில் ஆறு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். வயதைத் திருத்திவிட்டேன். இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.