பள்ளிகளுக்கு முதலிடம் வழங்குதல் முறையா?

பள்ளிகளை அவற்றின் தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு முதலாவது, இரண்டாவது என வரிசைப்படுத்துவதும், சென்ற ஆண்டைவிட முன்னேறிய பள்ளிக்குப் பரிசும் பாராட்டும் வழங்குவதும் நன்மை தருவன என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். உழைத்தவரைப் பாராட்டுதல் பண்பாடு. பாராட்டு மேலும் உழைக்கத் தூண்டும். ஆகவே இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்போரும் உளர். ஆசிரியர் பயிற்சி பெற்று வகுப்பறையிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவள் என்ற முறையில், இதில் ஆராய வேண்டியது ஒன்று உண்டு என எனக்குத் தோன்றுகிறது. அப்பரிசுக்கான விலையைக் கொடுப்பவர் யார் என்பதே அது.

பள்ளி என்ற சொல் பழங்காலத்தில் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்தது என்பதை நம் பெரியோர் மேடைதோறும் சொல்லக் கேட்டிருக்கிறோம். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தென்கிழக்கே அதிகத் தொலைவில்லாத கழுகுமலையில், எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் சுமார் நூறு உள்ளன. அத்திருமேனியைச் செய்வித்தவர் பெயர், அவர்தம் ஊர், அவர் யாருடைய மாணாக்கர் என்னும் செய்திகள் அவற்றில் உண்டு. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசான்களின் பெயர்களும் அங்கே உள்ளன. அவற்றைக் காணும் போதெல்லாம் என் மனம் நிறையும். கல்வெட்டு மதிப்பெண் பட்டியல் அன்று என்பதை நான் அறிவேன். ஆயினும் ஆசானையும் மாணாக்கரையும் இணைத்துப் பேசுவதற்கு அக்காலத்தில் ஓர் உறவே போதுமானதாக இருந்தது. இன்று அவ்விடத்தில் ஒரு விழுக்காடு வந்து நிற்கிறது.

அவ்விழுக்காடு எதை அளக்கிறது? 2025ஆம் ஆண்டு மேல்நிலைப் பொதுத்தேர்வில் மாநிலத் தேர்ச்சி 95.03 விழுக்காடு, முதலிடம் பெற்ற அரியலூர் மாவட்டம் 98.82 விழுக்காடு. முதலிடத்திற்கும் மாநிலச் சராசரிக்கும் உள்ள இடைவெளி நான்குக்கும் குறைவு. இவ்வளவு நெருக்கத்தில் வரிசை என்பது புள்ளிக்குப் பின்வரும் எண்களால் அமைவது. அது ஒருபுறம் இருக்க, சங்கரன்கோவில் வட்டாரத்தில் விசைத்தறிக் கூடத்திற்கும் தீப்பெட்டித் தொழிலுக்கும் பெற்றோர் சென்றுவிட, தம்பி தங்கையைக் கவனித்துவிட்டுத் தாமதமாக வரும் குழந்தையும், தாயும் தந்தையும் அருகில் அமர்ந்து பாடம் சொல்லிக் கொடுக்கும் குழந்தையும் பெறும் மதிப்பெண்களை ஒரே பட்டியலில் வைத்து, அவற்றை இரு பள்ளிகளின் தகுதி என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்? வீடு கொடுத்ததைப் பள்ளியின் கணக்கில் வரவு வைப்பதாகவே அது முடியும். நம் சமூகத்தில் ஆசிரியர் இல்லாத குடும்பம் அரிது. ஆதலின் நம் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் அப்பள்ளிக்குச் சிறிது புகழ் சேர்த்தே வருகின்றனர். அப்புகழ் முழுவதும் அப்பள்ளிக்கு உரியதன்று.

இக்குறையை உணர்ந்தோர் கண்ட மாற்றுவழியே முன்னேற்றத்திற்குப் பரிசு என்பது. மத்திய அரசின் நிதி ஆயோக் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட பள்ளிக் கல்வித் தரக் குறியீட்டில் இரு வகை வரிசைகள் இருந்தன. மொத்த நிலையில், பெரிய மாநிலங்களுள் கேரளம் முதலிடமும் தமிழகம் இரண்டாமிடமும் பெற்றன. முந்தைய நிலையினின்றும் உயர்ந்த அளவைக் கணக்கிட்டபோதோ அரியானா, அசாம், உத்தரப் பிரதேசம் ஆகியவை முன்னணியில் நின்றன. பள்ளத்தில் இருந்தவர் ஏறிய படிகளையும் மதிக்க வேண்டும் என்னும் இந்நோக்கம் போற்றத்தக்கது. ஒருவனை அவனது நேற்றைய நிலையோடு ஒப்பிடுவதே நமது நெறிக்கும் உடன்பாடானது. பதினான்கு குணஸ்தானங்களில் ஓர் உயிர் தான் நின்ற படியிலிருந்து மேலேறுகிறது. பக்கத்து உயிரை முந்துவதாக எந்த ஆசாரியரும் கூறவில்லை.

ஆனால் இம்முறை பள்ளிக்கூட வாயிலுக்கு வரும்போது ஒரு நுட்பமான பிழை நேர்கிறது. சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் எண்பது விழுக்காடு, இவ்வாண்டு தொண்ணூறு விழுக்காடு, ஆகவே பள்ளி முன்னேறியது என்கிறோம். சென்ற ஆண்டு எழுதிய பிள்ளைகள் வேறு, இவ்வாண்டு எழுதியவர்கள் வேறு. எந்தக் குழந்தை முன்னேறியது என்பதை அந்த எண் சொல்வதில்லை. மேலும் விழுக்காடு என்பது ஒரு பின்னம். மேலே உள்ள தேர்ச்சி எண்ணிக்கையைப் பெருக்கினாலும் அது உயரும். கீழே உள்ள எழுதியோர் எண்ணிக்கையைக் குறைத்தாலும் உயரும். முதல் வழிக்கு ஓராண்டு உழைப்பு வேண்டும். இரண்டாவது வழிக்கு ஒரு மாற்றுச் சான்றிதழ் போதும்.

இது வெறும் கற்பனையன்று என்பதை ஆசிரியப் பணியில் இருந்தோர் அறிவர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளை நிறுத்தி வைப்பதைத் தடுத்ததால், ஒன்பதாம் வகுப்பே சல்லடையாயிற்று. மெல்லக் கற்கும் மாணவனின் தந்தையை அழைத்து, "வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள், அங்கே எளிதாகப் படிப்பான்" என்று அன்போடு சொல்லுவர். அதற்கு இசையாதவரின் பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலேயே மீண்டும் அமர்வான். அல்லது தனித்தேர்வராக எழுதுமாறு அறிவுரை பெறுவான். தனித்தேர்வரின் தோல்வி பள்ளியின் கணக்கில் ஏறாது. நான் அறிந்த ஒரு பள்ளியில் இவ்வாறு வெளியேறிய சிறுவன் வேறு எந்தப் பள்ளியிலும் சேரவில்லை; தீப்பெட்டி ஆலைக்குப் பெட்டி சுமக்கச் சென்றான். அவ்வாண்டு அப்பள்ளி நூறு விழுக்காடு தேர்ச்சி பெற்று, தெருமுனையில் வாழ்த்துப் பலகையும் வைத்தது. அப்பலகையில் இருந்த எண் பொய்யன்று. தேர்வெழுதிய அனைவரும் தேர்ச்சி பெற்றது உண்மையே. சொற்கள் உண்மையாக இருந்தும் பொருள் பொய்யாகும் இந்நிலைக்கு நம் அறநூலார் மாயை எனப் பெயரிட்டு, குரோதம், மானம், லோபம் ஆகியவற்றோடு நான்கு கஷாயங்களுள் ஒன்றாக வைத்தனர்.

தமிழக அரசும் இதன் தீமையைக் கண்டது. பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என மாணவரை அறிவிக்கும் வழக்கம் 2017ஆம் ஆண்டு மே மாதம் கைவிடப்பட்டது. அந்நாளில் தனியார் பள்ளிகள் பல, பதினோராம் வகுப்புப் பாடங்களை நடத்தாமலேயே விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை இரண்டாண்டுகள் மனப்பாடம் செய்வித்து வந்தன. பிள்ளைகள் உயர்கல்விக்குச் சென்று அடிப்படை தெரியாமல் திகைத்தனர். இதனைத் தடுப்பதற்காகவே 2017-18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. அத்தேர்வே சுமையாயிற்று என்று 2025-26ஆம் கல்வியாண்டு முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. நோய்க்கு மருந்து, மருந்துக்கு மாற்று என இது நீள்கிறது. மாணவரின் வரிசை போயிற்று. மாவட்டங்களின் விழுக்காட்டு வரிசை மட்டும் இன்னும் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

பரிசை எண்ணோடு கட்டுவது புதிய சிந்தனையும் அன்று. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேறும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கேற்பப் பள்ளிக்கு மானியம் என விதித்தனர். சென்னை மாகாணத்திலும் தேர்ச்சிக்கேற்ற மானியமுறை நடைமுறையில் இருந்தது. பள்ளி ஆய்வாளராகப் பணிபுரிந்த ஆங்கிலக் கவிஞர் மாத்யூ ஆர்னால்டு, இதனால் கல்வி எந்திரம்போல் ஆகிவிட்டது என்று தம் அறிக்கைகளில் கடிந்துரைத்தார். ஆய்வாளர் கேட்கப்போகும் வாசகத்தைக் குழந்தைகள் நெட்டுருச் செய்தனர், வாசிக்கக் கற்கவில்லை. நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்து அதனைக் கைவிட்டது. இங்கும் கர்சன் பிரபுவின் காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானம் அம்முறையை ஏற்கவில்லை. நூறாண்டு கழித்து அமெரிக்கா அதே வழியில் நடந்தது. அங்கே அட்லாண்டா நகரில் மதிப்பெண்கள் வியக்கத்தக்க அளவில் உயர்ந்தன. 2009ஆம் ஆண்டு அந்நகரக் கல்விக் கண்காணிப்பாளர் நாட்டிலேயே சிறந்தவர் என்ற விருதும் பெற்றார். 2011ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை வந்தபோது, 44 பள்ளிகளில் ஆசிரியரும் தலைமையாசிரியருமாக 178 பேர் முறைகேட்டில் தொடர்புடையவர் எனத் தெரிந்தது. பிள்ளைகளின் தவறான விடைகளை அழித்துச் சரியான விடைகளை ஆசிரியர்களே குறித்திருந்தனர். உதவி பெற வேண்டிய குழந்தை நன்றாகப் படிப்பதாகத் தாளில் காட்டப்பட்டதால், அதற்குக் கிடைக்க வேண்டிய உதவியும் கிடைக்காமற் போயிற்று.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என ஹிம்சை மூவகைப்படும் என நாம் சிறு வயதிலேயே கற்றுள்ளோம். சிறுவனுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதும் எழுத்தர் செய்பவர். எழுதப் பணிக்கும் நிர்வாகம் செய்விப்பது. வாழ்த்துப் பலகையைக் கண்டு, "நூறு விழுக்காடாம், அங்கேயே சேர்ப்போம்" என மகிழும் நாம் யார்? பூச்சி விழுந்துவிடும் என அஞ்சிச் சூரியன் மறைவதற்குள் உண்டு முடிக்கும் இல்லத்தார், ஒரு குழந்தை வெளியே தள்ளப்பட்டதன் மீது கட்டப்பட்ட எண்ணுக்கு அனுமோதனை தருகின்றோம். நம்மில் எவரும் தீமை நினைத்து இதைச் செய்வதில்லை. விசாரிக்காமல் மகிழ்கிறோம், அவ்வளவே.

அங்ஙனமாயின் எதையும் அளக்கவே வேண்டாமா, ஆசிரியர் விருப்பம்போல் இருக்கலாமா என்று கேட்பது நியாயமே. இக்கேள்வியை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். எவரும் கணக்கெடுக்காத பொருள் என்னவாகும் என்பதற்குக் கரிவலம்வந்தநல்லூரே சான்று. புலமை மிக்க பாண்டிய மன்னர் வரதுங்கராமரின் ஏட்டுச் சுவடிகள் இவ்வூர்க் கோயிலில் இருப்பதாக அறிந்து உ. வே. சாமிநாதையர் தேடி வந்தார். குப்பைபோல் கிடந்த பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற விடையே அவருக்குக் கிடைத்தது. என்னென்ன நூல்கள் அழிந்தன என்பதற்குப் பட்டியல் கூட இல்லை. கேட்பாரற்ற பள்ளியில் பயிலும் குழந்தையின் ஆண்டுகளும் அவ்வாறே எரிந்து போகும். ஐந்தாம் வகுப்பு முடித்தும் எழுத்துக் கூட்ட இயலாத பிள்ளையை அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிட்டு, "எங்களை அளக்காதீர்கள்" எனக் கூற ஆசிரியருக்கு உரிமையில்லை. அளத்தல் வேண்டும். அளவு அக்குழந்தைக்குப் பயன்பட வேண்டும், பலகைக்குப் பயன்படலாகாது.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழகத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளில் வைத்துப் பயிற்றுவித்தனர். பெயரே எனக்குப் பிடித்தது. அரும்பை எவரும் தோற்ற மலர் என்பதில்லை. மேலும் எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் முறையில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் உள்ளது. ஒரே குழந்தை ஆறாம் வகுப்பில் எந்நிலையில் இருந்தது, பத்தாம் வகுப்பில் எந்நிலையை அடைந்தது, இடையில் எங்கே நின்றுபோயிற்று என்பதைப் பின்தொடர்ந்து காண இன்று வழியுண்டு. பரிசு தருவதாயின் இக்கணக்கைப் பார்த்துத் தரலாம். பட்டியலில் கடைசியாக நிற்கும் பள்ளிக்குப் பரிசைவிட மேலும் ஓர் ஆசிரியரை அனுப்புவது பயன் தரும் என்பது என் கருத்து. பரிசளிப்பு விழாவில் அது புகைப்படத்திற்கு உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அரசு செய்யும்வரை காத்திராமல் பெற்றோர் தாமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மே, ஜூன் மாதங்களில் பிள்ளையைச் சேர்க்கப் பள்ளிக்குச் செல்லும்போது தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கிறோம். விடுதி, பேருந்து, கட்டணம் பற்றிக் கேட்கிறோம். சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தனர், அவர்களுள் எத்தனை பேர் இப்பள்ளியிலிருந்தே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினர் என்று கேட்பதில்லை. எல்லாப் பள்ளிகளிலும் சேர்க்கை நீக்கல் பதிவேடு உண்டு. தலைமையாசிரியர் அதை மேசை மீது எடுத்து வைக்கிறாரா, பேச்சை மாற்றுகிறாரா என்பதைக் கவனித்த பிறகு விண்ணப்பத்தில் கையொப்பமிடலாம்.