தளர்ந்த கைகள்

அமலேக்கியரோடு நடந்த போரில் மோசேயின் கைகள் தளர்ந்தன. அவர் அமர ஒரு கல்லை இட்டனர். ஆரோனும் கூரும் இருபுறமும் நின்று கதிரவன் மறையும்வரை அவர் கைகளைத் தாங்கினர் (விப 17). தளர்ச்சிக்குச் சான்று காட்டுமாறு அவரை எவரும் கேட்கவில்லை.

இராஜாக்கமங்கலத்தில் கரும்பலகை முன் நிற்கும் ஓர் ஆசிரியையை எண்ணிப் பார்ப்போம். கொரோனாத் தொற்று நீங்கி மாதங்கள் பல ஆயின. ஆயினும் படியேறினால் மூச்சிரைக்கிறது. பழகிய மாணவரின் பெயர் நாவில் வர மறுக்கிறது. இன்று சற்று மிகுதியாக உழைத்தால் நாளை எழ இயலவில்லை. நீடித்த கோவிட் எனப்படும் இந்நிலைக்கு 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வரையறை தந்தது. ஆனால், இதனை உறுதிசெய்யத் தனியொரு பரிசோதனை இல்லை. எனவே, ‘பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார்!’ என்னும் முணுமுணுப்பு எழுகிறது. காயத்தைத் தொட்டாலன்றி நம்பேன் என்ற தோமாவைப் போன்றோர் நாம். இங்கோ தொடுவதற்குக் காயம் இல்லை.

பொய்யரும் சலுகை பெறலாமே எனலாம். பெறக்கூடும்தான். அதற்கஞ்சி உண்மையான நோயாளியைச் சந்தேகக் கூண்டில் ஏற்றுவது அதனினும் பெரிய அநீதி.

அவர் விட்ட வகுப்புகளை யார் எடுப்பது? உடன் ஆசிரியர்மேல் சுமத்திவிட்டு நிர்வாகம் இரக்கம் பேசுவது முறையன்று. ஆரோன் மட்டும் தாங்கியிருந்தால் அவரும் சோர்ந்திருப்பார். கல்லை இட வேண்டியது நிர்வாகம்: கீழ்த்தள வகுப்பு, நாற்காலி, இடையே ஓய்வு, பதில் ஆசிரியர். கைகளைத் தாங்க வேண்டியோர் உடன் பணிபுரிவோரும் பெற்றோரும்.

தாங்கப்பட்ட அக்கைகளால் பிழைத்தோர் இஸ்ரயேல் மக்கள். நம் ஆசிரியையைத் தாங்கினால் பயன் பெறுவோர் நம் பிள்ளைகளே.